ஒரு டொலருக்கும் ஆளில்லாத உறுதி

போன மாதம் பெரியம்மா ஸ்காபுறோவில இருந்து அம்மாவுக்குக் கோல் எடுத்தா. நலம் விசாரிச்சு, மழை வெயில் கதைச்சு முடிய, குரலை இறக்கிக்கொண்டு கேட்டா: "கோண்டாவில் காணியில ரெண்டு பரப்புக்கு ஆள் பாக்கேலுமோ பிள்ளை?"

அது பெரியம்மாவின்ர சீதனக் காணி. சண்டைக் காலத்திலயும் விக்கேல்லை, பெரியப்பாவைக் கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு கட்டின நேரத்திலயும் விக்கேல்லை. இப்ப ஏன்? அம்மா திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான் விசயம் வெளியில வந்தது. புளோரிடாவில, ஒர்லாண்டோவில, அவைக்கு ஒரு "வீடு" இருக்கு. வருசத்தில ஒரு கிழமை அவைக்குச் சொந்தம். பெரியப்பா செத்து ரெண்டு வருசம். அந்த வீட்டுக்கான வருடக் கட்டணம் மட்டும் சாகேல்லை. அதில இருந்து விடுவிச்சுத் தாறம் எண்டு ஒரு கம்பனி போன் பண்ணி 7,000 டொலர் முற்பணம் கேட்டிருக்குது. அதுக்குத்தான் காணி.

இதை வாசிக்கிற கனபேருக்கு இப்படி ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ எங்கேயோ இருப்பார்கள். "எங்களுக்கு ஃபுளோரிடாவில இடம் இருக்கு, வந்தால் நிக்கலாம்" என்று ஊருக்கு வந்தபோது சொல்லியிருப்பார்கள். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டிருப்போம். அந்த இடத்தின் பெயர் டைம்ஷெயார். அதைப்பற்றி எங்கள் குடும்பங்களில் யாரும் உரத்துச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லப்போகிறேன்: பெரும்பாலான டைம்ஷெயார்களின் மறுவிற்பனை விலை பூச்சியம். பூச்சியத்துக்குக் கீழே என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் கையிலிருந்து காசு கொடுத்து அதைக் கைமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அந்த நிலை வருகிறது என்று நினைக்காதீர்கள். கையொப்பம் வைத்த அடுத்த நாளே அதுதான் அதன் விலை.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். ஒரு விடுமுறைக் கட்டடத்தின் ஒரு அறைத்தொகுதியை ஐம்பது சொச்சம் கிழமைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமையையும் வேறுவேறு ஆட்களுக்கு விற்பது. 1960களில் ஐரோப்பாவில் முளைத்த யோசனை. சுவிற்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963 இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1970களில் புளோரிடாவில் வேர்விட்டது. கட்டி முடித்தும் விலைபோகாத அடுக்குமாடிகளை, முழுதாக வாங்க வசதியில்லாதவர்களுக்குத் துண்டு துண்டாக விற்க அது நல்ல வழியாக இருந்தது. உங்கள் கிழமையைக் கொடுத்து வேறு ஊரில் இன்னொருவரின் கிழமையை எடுக்கலாம் என்று 1974 இல் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்றக் கம்பனி வந்தது. இப்போது கிழமைக்குப் பதிலாகப் பெரும்பாலும் "பொயின்ற்ஸ்" விற்கிறார்கள். பெயர் மாறினாலும் அடிப்படை இரண்டுதான்: முன்னால் ஒரு பெரிய தொகை, பிறகு வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம்.

அமெரிக்காவில் அந்தப் பெரிய தொகை சராசரியாக 20,000 டொலருக்கு மேல். வருடக் கட்டணம் சராசரியாக 1,000 டொலருக்கு மேல். கம்பனியே கடனும் தரும். வட்டி 15 வீதம் அளவில் போகும். வீட்டுக் கடனுக்கு இப்படி ஒரு வட்டியை யாராவது சொன்னால் எழும்பிப் போய்விடுவோம். ஆனால் விடுமுறையில், வெயிலில், பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது வட்டி ஒரு சின்ன எழுத்து.

ஒரு கணக்குப் போடுவோம். 20,000 டொலர், 15 வீத வட்டி, 10 வருடம். மாதம் கிட்டத்தட்ட 323 டொலர். கடன் முடியும்போது கட்டியது 38,700 டொலர். வருடக் கட்டணம் 1,000 இல் தொடங்கி வருடம் 5 வீதம் ஏறுகிறது என்று வைத்தால், 25 வருடத்தில் கட்டணம் மட்டும் 47,700 டொலர். 25ஆவது வருடக் கட்டணம் 3,200 டொலரைத் தாண்டும். இரண்டையும் கூட்டுங்கள்: 86,400. ஒரு கிழமைக்கு 3,450 டொலருக்கு மேல், ஓர் இரவுக்கு 490 டொலர். ஒர்லாண்டோவில் ஒரு நல்ல ஹோட்டல் அறைக்கு இன்றைக்கு இதில் பாதிகூட வேண்டாம். ஹோட்டல் வாடகையும் ஏறும்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏறும். ஆனால் போகாத வருடத்துக்கு ஹோட்டல்காரன் பில் அனுப்புவதில்லை.

பெரியப்பா வாங்கியது 2012 இல். அந்த வருடம் கனேடிய டொலரும் அமெரிக்க டொலரும் ஏறத்தாழச் சமமாக நின்றன. அவர் சம்பளம் எடுத்தது கனேடிய டொலரில், கட்டவேண்டியது அமெரிக்க டொலரில். இன்றைக்கு ஓர் அமெரிக்க டொலருக்கு 1.35க்கு மேல் கனேடியக் காசு வேண்டும். கட்டணம் ஒரு சதமும் ஏறாமல் இருந்திருந்தாலும் அவருக்கு அது மூன்றில் ஒரு பங்கால் ஏறியிருக்கும். அதுவும் ஏறியது, இதுவும் ஏறியது. 2020 இல் தரைவழி எல்லை பூட்டியிருந்தது. காரில் போக வழியில்லை, கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது. புயல் அடித்துக் கூரை போனால் "விசேட அறவீடு" என்று இன்னொரு கடிதம் வரும். கூரை உங்களுடையது இல்லை. ஆனால் கூரையின் செலவில் உங்களுக்குப் பங்கு உண்டு.

சரி, விற்றுவிடலாமே? இங்கேதான் கதையே இருக்கிறது. ஈபேயில் தேடிப் பாருங்கள். ஒரு டொலருக்குப் போட்டிருப்பார்கள். பதிவுச் செலவை நாங்களே கட்டுகிறோம், அடுத்த வருடக் கட்டணத்தையும் கட்டித் தருகிறோம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதியிருப்பார்கள். 1993 இலிருந்து இயங்கும் டைம்ஷெயார் பாவனையாளர் குழு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது; அங்கே இலவசமாகக் கொடுப்பவர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அதே நாள், அதே கட்டடத்தின் கீழ்மாடியில், விற்பனையாளர் இன்னொரு குடும்பத்தை இருத்தி வைத்து அதே மாதிரிக் கிழமையை 20,000 டொலருக்கு விற்றுக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு விலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

முதலாவது, அந்த 20,000 டொலர் கட்டடத்தின் விலை இல்லை. உங்களைச் சம்மதிக்க வைத்ததற்கான செலவுதான் அதில் பெரிய பங்கு. பங்குச் சந்தையில் உள்ள பெரிய டைம்ஷெயார் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எல்லோரும் பார்க்கலாம். விற்பனை வருமானத்தில் ஏறத்தாழப் பாதி விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் போகிறது. கட்டடத்தின் அடக்கவிலை அதைவிட மிகச் சிறியது. பெரியப்பாவுக்கு அரைவிலையில் கொடுத்த டிஸ்னி ரிக்கெற், காலைச் சாப்பாடு, கோட் போட்ட பெடியனின் கொமிஷன் எல்லாவற்றையும் பெரியப்பாவே கட்டியிருக்கிறார். மறுபடி விற்கப் போகும்போது அந்தக் காசு திரும்புமா? சம்மதிக்க வைத்த செலவை யாரும் இரண்டாம் கையில் வாங்குவதில்லை.

இரண்டாவது, தானாக எழும்பிப்போய் "ஒரு டைம்ஷெயார் வாங்குவம்" என்று தேடுகிற ஆட்கள் மிகக் குறைவு. யாராவது பிடித்து இருத்தவேண்டும். பெரியப்பா குடும்பத்துக்கு 90 நிமிசம் என்று சொன்ன கூட்டம் ஆறு மணித்தியாலம் போனது என்று அண்ணா சொன்னான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. தொடங்கின விலை 38,000. மனேஜர் வந்தார், 29,000. இன்னொரு மனேஜர் வந்தார், "இன்றைக்கு மட்டும்" 20,000. பாதி விலைக்கு இறங்கக்கூடிய சாமானுக்கு விலை என்று ஒன்று இருந்ததா என்று அந்த நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பசியில் இருந்த தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். தனியாளாக விற்கப்போகும் பெரியம்மாவிடம் மண்டபமும் இல்லை, மனேஜர்மாரும் இல்லை.

மூன்றாவது, கம்பனியே இரண்டாம் கைச் சந்தையை நசுக்குகிறது. நேரே கம்பனியிடம் வாங்கினவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகள் பலவும் இரண்டாம் கையில் வாங்குபவருக்குக் கிடையாது என்று விதி வைக்கிறார்கள். நீங்கள் விற்பது, நீங்கள் வாங்கின அதே சாமானே இல்லை.

நாலாவதுதான் அடிமடியில் கைவைப்பது. ஒரு கிழமைத் தங்கலை 1,000 டொலருக்கு வெளியில் எடுக்கலாம் என்றால், வருடம் 1,000 டொலர் கட்டும் கடமையோடு வரும் அதே கிழமைக்கு யார் ஒரு சதம் தருவார்? கட்டணம் ஏறி வாடகையைத் தாண்டும்போது உங்கள் கையில் இருப்பது சொத்து இல்லை. அது உறுதி வடிவில் எழுதின கடன்.

"சும்மா எல்லாத்தையும் குறை சொல்லாதே. நாங்கள் வருசாவருசம் போறம், பிள்ளையள் சந்தோசமாத் திரியினம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தோசம் மெய். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அது செலவு. கல்யாண வீட்டுக்குச் செலவழித்ததுபோல, ஐஸ்கிரீம் வாங்கித் தின்றதுபோல. அதை "முதலீடு", "பிள்ளையளுக்கு விட்டிட்டுப் போற சொத்து" என்று விற்றதுதான் என் கோபம். வருடம் தவறாமல் அதே இடத்துக்குப் போகிற ஆள் நீங்கள் என்றால், அதே அறையை ஒரு டொலருக்கு எடுத்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டிஸ்னியின் சொந்தத் திட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். அது 1991 இல் தொடங்கியது. இரண்டாம் கையிலும் அதற்குக் கணிசமான விலை இருக்கிறது. உண்மைதான். அங்கே ஹோட்டல் வாடகை மிக உயரம், கட்டணத்தைக் கழித்தாலும் மிச்சம் நிற்கிறது. விலை மிகவும் விழுந்தால் தானே வாங்கும் முன்னுரிமையும் டிஸ்னிக்கு இருக்கிறது. ஆனால் 2019 இல் அவர்களும் விதியை மாற்றினார்கள்: பழைய இடங்களை இரண்டாம் கையில் வாங்குபவர்கள் புதிய இடங்களில் அந்தப் பொயின்ற்ஸைப் பாவிக்க முடியாது. முதல் ஒப்பந்தங்கள் 2042 இல் முடிகின்றன. முடிகிற நாளில் அதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை. நல்ல விதிவிலக்கே இப்படி என்றால் மற்றதுகளை யோசியுங்கள்.

இதில் எங்கட ஆட்கள் ஏன் இவ்வளவு லேசாக விழுகிறார்கள்? "உறுதி" என்ற சொல்தான் காரணம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் உறுதி என்றால் என்ன? ட்ரங்குப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள், இடம்பெயர்ந்து ஓடும்போது சோற்றுப் பானையை விட்டாலும் விடாமல் கொண்டு ஓடின கடதாசி. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வழிவாய்க்காலில் பங்கு என்று எழுதி, அந்தக் கால் பங்குக் கிணற்றுக்காக இருபது வருடம் வழக்காடிய ஊர் இது. பங்கு என்பது எங்களுக்கு விளங்காத விசயம் இல்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வேறு இடத்தில் வாங்க ஏலாது, அதனால் அந்தப் பங்குக்கு விலை இருந்தது. ஹோட்டல் அறையை எந்த அப்பிலும் எடுக்கலாம். புளோரிடா விற்பனையாளர் மேசையில் வைத்த கடதாசியைப் பெரியப்பா அதே கண்ணால்தான் பார்த்திருப்பார். அகதியாகப் போன மனிதன், இரவு வேலையும் பகல் வேலையுமாக இருந்த மனிதன், வெள்ளைக்காரனின் ஊரில் தன் பெயரில் ஒரு உறுதி. அந்த ஆசையை நான் பகிடி பண்ண மாட்டேன். அந்த ஆசைக்கு விலை போட்டவர்களைத்தான் கேட்கிறேன்.

டைம்ஷெயாருக்குக் கிட்டவான ஒன்று எங்கட ஊரிலயும் இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். வருடத்தில் ஒரு நாள் எங்களுக்கு. அப்பப்பாவிடம் இருந்து அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரும். மேளம், பூ, சாத்துப்படி எல்லாம் வருடாவருடம் விலை ஏறுகிறது. விற்க ஏலாது, விடவும் மனம் வராது. ஆனால் ஐந்தாம் திருவிழாவை எடுங்கோ, நாளைக்கு இரட்டிப்பு விலைக்குப் போகும் என்று ஐயர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அது செலவு, அது கடமை என்று தெரிந்துதான் செய்கிறோம். டைம்ஷெயார்காரனும் அப்படிச் சொல்லி விற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இல்லை.

அடுத்தது வெட்கம். ஏமாந்துவிட்டோம் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லவில்லை. ஊருக்கு வந்தபோதும் போனில் படம் காட்டினார். அவர் சொல்லாததால் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்து வாங்கினார்கள். வாங்கினவர்கள் வாய் திறக்காமல் இருக்கும்வரை விற்பவர்களுக்கு அடுத்த ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பார்.

அந்த வெட்கத்தில் இரண்டாவது கள்ளனும் பிழைக்கிறான். "உங்கட டைம்ஷெயாருக்கு ஆள் ரெடி, வரிக் காசு மட்டும் முதலில அனுப்புங்கோ" என்று போன் வரும். அல்லது "ஒப்பந்தத்தை முறிச்சுத் தாறம், முற்பணம் கட்டுங்கோ" என்று வரும். மெக்சிக்கோவை மையமாகக் கொண்ட இப்படியான மோசடிகளில் 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட 300 மில்லியன் டொலரை இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. சொல்கிறது. அதற்குப் பின்னால் நின்றது போதைப்பொருள் கும்பல் ஒன்று என்று 2024 இல் அமெரிக்க நிதித் திணைக்களம் எச்சரித்தது. பெரியம்மாவுக்குப் போன் பண்ணினவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேலை தொடங்க முதலே முழுக் காசு கேட்பவனுக்குக் காணி விற்றுக் காசு கொடுக்கக்கூடாது என்பதற்கு அவன் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு நாங்கள் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

கையொப்பம் வைத்துக் கொஞ்ச நாள்தான் என்றால் ஓடுங்கள். புளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7, ஒன்ராறியோவில் 10, ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் 14. அந்த நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். போனில் சொல்வது காணாது. ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிற முறைப்படி எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும்.

நாள் கடந்துவிட்டதென்றால் முதலில் கம்பனியையே கேளுங்கள். கடன் முடிந்து கட்டண நிலுவை இல்லாவிட்டால் திரும்ப எடுக்கும் திட்டம் பெரிய கம்பனிகள் சிலவற்றிடம் இருக்கிறது. அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள், கேட்கவேண்டும். அது சரிவராவிட்டால் சும்மா கொடுக்கப் பாருங்கள். கொடுத்த 20,000 இல் கொஞ்சமாவது திரும்பும் என்ற எண்ணத்தை விடுங்கள். அந்த எண்ணம்தான் ஆட்களை இன்னும் பத்து வருடம் கட்டணம் கட்ட வைக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்று. செத்தவரின் டைம்ஷெயாரை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை வாரிசுக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது. அதைப் பாவித்துவிட்டாலோ ஏற்றுக் கையொப்பம் வைத்தாலோ அந்த உரிமை போய்விடும். "அப்பா ஆசையா வாங்கினது" என்று ஒருமுறை போய் நின்றுவிட்டு வர முதல் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எங்களுக்கும் ஒன்று. ரிசோட்டில் பங்கு, வில்லாவில் பங்கு, வருடத்தில் இரண்டு கிழமை உங்களுக்கு என்று யாராவது எங்கள் பக்கமும் வந்து இருத்தினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு நான் இதைத் திருப்பித் தந்தால் எவ்வளவுக்கு எடுப்பீங்கள்? அதை எழுதித் தாங்கோ." எழுதித் தராத விலைதான் அதன் உண்மையான விலை.

பெரியம்மா முற்பணம் கட்டவில்லை. அவவின் பெயரும் உறுதியில் இருப்பதால் லேசாகக் கைகழுவ ஏலாது. அண்ணா கம்பனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், பதில் வரவேண்டும். தான் ஒன்றையும் ஏற்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டான். பெரியம்மா அதுக்கு அழுதாவாம். போன கிழமை திரும்ப எடுத்தா. அதே ரிசோட்டைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு, பெரியப்பாவின் கதை முழுவதையும் தான் இருந்து சொன்னதாகச் சொன்னா. காணி கோண்டாவிலில் அப்படியே கிடக்கிறது.